மாதா கோயில் தெருவில் ஓர் அணையா நெருப்பு

இராயபுரம் என்றதும் புனித இராயப்பர் ஆலயமும், பழைய இரயில் நிலையமும், மீன்பிடித் துறைமுகமும் நம் நினைவுக்கு வரும். ஆனால் மேற்கு மாதா கோயில் தெருவிலுள்ள ஒரு சிறு வழிபாட்டிடத்தைப் பலர் அறியார். அது பார்சி மக்களின் அக்கினிக் கோயில். சென்னையில் அவர்களுக்கு இது ஒன்றே.

பார்சிகள் யார்? தம் சமயத்தைக் காத்துக்கொள்ளப் பல நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீகத்தை விட்டுக் கப்பலேறி, குஜராத் கரை சேர்ந்தவர்களின் வழிவந்தோர். ஜரதுஷ்டிரர் என்னும் ஞானியின் போதனையைப் பின்பற்றுவோர். இவர்களுள் சிலர் 1795-ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வந்தனர்.

இக்கோயில் எழுந்த வரலாறு உருக்கமானது. 1906-இல் பிரோஜ் கிளப்வாலா என்பவரின் அருமை மகன் ஜால், 13 வயதிலே இறந்தான். இறந்தோருக்காக நான்கு நாள் செய்யும் பிரார்த்தனைகளை நடத்த அன்று இங்கே அக்கினிக் கோயில் இல்லை. மகனின் நினைவாகத் தந்தை கட்டிய இக்கோயில் 1910-இல் அர்ச்சிக்கப்பட்டது.

பார்சிகள் நெருப்பையே கடவுளாக வணங்குகிறார்கள் என்பது தவறான எண்ணம். அவர்களுக்கு நெருப்பு இறைவனின் ஒளிக்கு அடையாளம். நம் ஆலயத்தில் நற்கருணைப் பேழையருகே எரியும் விளக்கை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அவர்கள் முகமும் கைகளும் கழுவி, தலையை மூடி, 72 கம்பளி இழைகளால் ஆன 'குஸ்தி' என்னும் இடைக்கயிற்றை அவிழ்த்து மீண்டும் முடிந்து செபித்த பின்பே உள்ளே செல்வர். மூச்சுக் காற்றும் நெருப்பை மாசுபடுத்தாதபடி குருவானவர் துணியால் வாயை மூடிக்கொண்டு விறகும் சந்தனமும் இடுவார். ஒரு நாளை ஐந்து வேளைகளாக வகுத்துச் செபிப்பது அவர்கள் மரபு.

பிற சமயத்தார்க்கு உள்ளே அனுமதியில்லை. நாம் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். அதைக் குறையாக எண்ண வேண்டாம்; தமக்குப் புனிதமானதை அவர்கள் காக்கும் முறை அது.

தோழியரே, கிறிஸ்து பிறப்புக் குடிலில் நாம் வைக்கும் ஞானிகளை மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் 'மாகோய்' என்றழைக்கிறது. பாரசீகக் குருக்களுக்கு வழங்கிய பெயர் அது!

2001-இல் இந்தியாவில் 69,601 பேராயிருந்த பார்சிகள், 2011-இல் 57,264 பேராகக் குறைந்துவிட்டனர். நெருப்பு அணையாதிருக்க விறகு மட்டும் போதாது. அதை இடுவதற்குக் கைகளும் வேண்டும். அத்தெரு வழியே செல்லும்போது ஒரு நொடி நின்று, நம் அயலார் காத்துவரும் அந்த ஒளிக்காக நாமும் செபிப்போம்.