போட்டியின்றிப் பலராட்டம்: இணையவழி அதிரடிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் பிறர் இருப்பின் உணர்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையவழி அதிரடிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் பிறரோடு சேர்ந்து ஆடுகிறோம் என்னும் உணர்வு தோன்றப் போட்டி இன்றியமையாததா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. டியாப்லோ 2, டியாப்லோ 3, பாத் ஆஃப் எக்ஸைல், டீமன்ஸ் சோல்ஸ் ஆகிய நான்கு விளையாட்டுகளின் விதியமைப்பு விளக்கமுறையில் நோக்கப்படுகிறது. ஒருவர் செய்யும் செயல் மற்றொருவரின் ஆட்டத்தில் அடையாளம் காணத்தக்க விளைவை ஏற்படுத்துவதே அவ்வுணர்வின் அடிப்படை. போட்டி அவ்விளைவின் வகைகளுள் ஒன்று என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணைய விளையாட்டு, பலராட்டம், போட்டி, ஒத்துழைப்பு, விதியமைப்பு, டியாப்லோ, டீமன்ஸ் சோல்ஸ்.

முன்னுரை

அரக்கர் கூட்டத்தை வீழ்த்துதல், வீழ்ந்தவற்றிலிருந்து சிதறும் படைக்கலன்களையும் அணிகளையும் திரட்டுதல், அவற்றால் வலிமை பெற்று இன்னும் கடிய அரக்கரை எதிர்கொள்ளுதல் என்னும் சுழற்சியே அதிரடிப் பாத்திரமேற்பு விளையாட்டின் உயிர்நாடி. இச்சுழற்சியைத் தனியொருவரே தொடக்கம் முதல் இறுதிவரை ஆடி முடிக்கலாம். சதுரங்கத்திற்கு எதிராளி தேவை; இங்கோ எதிராளியைக் கணினியே தந்துவிடுகிறது. அவ்வாறாயின் இணையத்தின்வழி வந்து சேரும் இன்னொரு மனிதர் எதற்கு?

ஆட்டக்காரர் பலரும் இதற்குக் கூறும் விடை, போட்டிக்கு என்பதே. ஒருவரையொருவர் தாக்கவோ முந்தவோ பறிக்கவோ வழியில்லாத விளையாட்டு, அரட்டை வசதி சேர்த்த தனியாட்டம்தான் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. போட்டி நீக்கப்பட்ட சில விளையாட்டுகள் உண்மையிலேயே வெறுமையாகத் தோன்றின. ஆயினும் அவ்வெறுமைக்குக் காரணம் போட்டி நீங்கியதா, அதனோடு சேர்ந்து வேறொன்றும் நீங்கியதா என்பது ஆராயத்தக்கது. மல்டிபிளேயர் என ஆட்டக்காரரிடையே வழங்கும் தன்மை இக்கட்டுரையில் 'பலராட்டம்' எனக் குறிக்கப்படுகிறது.

விளையாட்டும் போட்டியும்

விளையாட்டையும் போட்டியையும் பிரித்துக் காண்பதில் கோட்பாட்டாளரிடையே வேறுபாடு உண்டு. 1938-இல் 'ஹோமோ லூடன்ஸ்' நூலை வெளியிட்ட டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹவ்சிங்கா போட்டியை விளையாட்டின் மையத்திற்கு மிக அருகில் வைத்தார். பிரெஞ்சு அறிஞர் ரோஜே கையுவா 1958-இல் விளையாட்டை நான்காகப் பகுத்து, போட்டியை அவற்றுள் ஒன்றாக மட்டும் கொண்டார். வாய்ப்பு, பாவனை, கிறக்கம் என்பன ஏனைய மூன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் விளையாட்டை உவகைக்குரிய நிலைக்களன்களுள் வைப்பதும், தறுகண்மையைப் பெருமிதத்தின்கீழ் வைப்பதும் இங்கு நினைக்கத்தக்கன. ஆடும் இன்பமும் எதிர்நின்று வெல்லும் பெருமையும் வேறுவேறு என்னும் பார்வை தமிழ் மரபிற்குப் புதிதன்று.

இணைய விளையாட்டைப் பொறுத்தவரை முதன்மையானது ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் வெளியிட்ட கட்டுரை. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவுடன் இணைந்து 'மட்' என்னும் எழுத்துவடிவ விளையாட்டை உருவாக்கியவர் அவர். சாதிப்போர், தேடுவோர், பழகுவோர், தாக்குவோர் என ஆட்டக்காரரை அவர் நால்வகைப்படுத்தினார். இவருள் பிறர்மீது நேரடியாக வெற்றி தேடுவோர் ஒரு வகையினரே. பத்தாண்டுகள் கழித்து, 2006-இல், நிக்கோலா டுஷெனோவும் உடன் ஆய்வாளரும் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டக்காரரை ஆராய்ந்தனர். அவர்களுள் பலர் பெரும்பொழுதைத் தனித்தே ஆடிக் கழிப்பதையும், சுற்றியுள்ளோர் அவர்களுக்குப் பார்வையாளராகவும் காட்சியாகவும் பின்னணி இருப்பாகவும் அமைவதையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. பிறர் அருகிருத்தலே ஒரு பயன் என்னும் இக்கருத்து வலியது. ஆனால் அது திரளான மக்கள் உலவும் பேருலகங்களுக்குப் பொருந்தும். நால்வரோ எண்மரோ மட்டும் கூடும் அதிரடி விளையாட்டில் பின்னணி எனச் சொல்லத்தக்க கூட்டம் இல்லை.

டியாப்லோ 2: போட்டியும் சார்பும் பின்னிய நிலை

பிளிசார்ட் நார்த் உருவாக்கி 2000 ஜூனில் வெளியான டியாப்லோ 2-இல் ஓர் ஆட்டத்தில் 8 பேர்வரை சேரலாம். அரக்கரிடமிருந்து சிதறும் பொருள்கள் அனைவர்க்கும் பொதுவாகத் தரையில் விழும். முதலில் சொடுக்கியவருக்கே அவை உரியன. ஒருவர் மற்றொருவரைப் பகைவராக அறிவித்துத் தாக்கலாம். கொல்லப்பட்டவரின் பெயர் பொறித்த காது கொன்றவருக்கு வெற்றிச் சின்னமாகக் கிடைக்கும். போட்டி வேண்டுமென்போர் இவ்விரண்டையுமே ஏக்கத்துடன் சுட்டுவர்.

ஆனால் அதே விளையாட்டின் பிற விதிகள் அத்துணை பேசப்படுவதில்லை. சேரும் ஒவ்வொரு கூடுதல் ஆட்டக்காரருக்கும் அரக்கரின் உயிர்வலு தனியாட்ட அளவில் பாதி கூடும். எண்மர் கூடின் அது நான்கரை மடங்காகும். அதற்கேற்ப அனுபவப் புள்ளியும் உயரும். ஆகவே இன்னொருவர் உள்ளே நுழைந்த கணமே அனைவரின் ஆட்டமும் மாறிவிடுகிறது. பார்பேரியன் எழுப்பும் போர்முழக்கம் குழுவினர் அனைவரின் உயிரளவையும் உயர்த்தும். பாலடின் தாங்கும் ஒளிவட்டம் அருகிருப்போர் வலிமையைக் கூட்டும். ஒருவர் திறந்த ஊர்வாயிலின்வழி மற்றவர் தப்பலாம். ஒருவர் எடுத்த பொற்காசு அருகிலுள்ள குழுவினருக்குப் பங்காகும், படைக்கலன் பங்காகாது. ஒரே விளையாட்டு, ஒரே கணத்தில், பகிர்வையும் பறிப்பையும் ஆட்டக்காரர் கைக்குத் தருகிறது. இங்கு எழும் செறிந்த பலராட்ட உணர்வைப் பறிப்பின் கணக்கில் மட்டும் எழுதுவது பொருந்தாது.

டியாப்லோ 3: எதை நீக்கியபோது எது நீங்கியது?

2012 மே மாதம் வெளியான டியாப்லோ 3 கணினிப் பதிப்பை இணைய இணைப்பின்றித் தனியாகக்கூட ஆட இயலாது. அவ்வகையில் அது முன்னதைவிட இணையத்தோடு மிகுதியாகப் பிணைந்தது. ஆயினும் அதனைத் தனிமையான விளையாட்டாக உணர்ந்தோர் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருள்கள் விழுந்தன. ஒருவருக்கு விழுந்தது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. திட்டமிடப்பட்டிருந்த குழுப்போர் முறை கைவிடப்பட்டு, 2013-இல் எளிய கைகலப்புக் களம் மட்டும் சேர்க்கப்பட்டது. எனவே போட்டி இன்மையே குறை என்று முடிவு கட்டுவது எளிதாயிற்று.

அம்முடிவு அவசரமானது. பொருளைப் பறிகொடுக்கும் அச்சத்தை அகற்றிய அதே விதி, 'இது உனக்குப் பயன்படும், எடுத்துக்கொள்' என்னும் சொல்லுக்கான வாய்ப்பையும் குறைத்தது. பிறருக்கு விழுந்தது தெரியாதபோது கேட்கவும் இயலாது, விட்டுக்கொடுக்கவும் இயலாது. இவ்விளையாட்டிலிருந்த ஏலச்சந்தை இன்னும் நுட்பமான சான்று. ஆயிரக்கணக்கானோர் விற்ற பொருள்களை அதில் வாங்கலாம். பிறர் செயல் ஒருவரின் ஆட்டத்தில் பெருவிளைவை உண்டாக்கத்தான் செய்தது. ஆனால் விற்றவர் யார் என்பது வாங்குபவருக்குப் புலப்படாது; அவர் கண்டது விலையை மட்டுமே. விளைவு இருந்தும் அதன்பின் ஒரு மனிதர் தென்படவில்லை. 2014 மார்ச் 18 அன்று அச்சந்தை மூடப்பட்டது. அதையொட்டி வந்த மாற்றங்களின்படி, அரிய பொருள்களைக் கிடைத்தபோது உடனாடியவர்க்கு மட்டும், அதுவும் 2 மணி நேரத்திற்குள் அளிக்கலாம் என்றாயிற்று. சந்தையை மூடியவர்கள் கொடையின் எல்லையையும் சுருக்கியது முரண்போலத் தோன்றலாம். ஆயினும் எஞ்சிய கொடைக்கு ஒரு முகம் கிடைத்தது.

பாத் ஆஃப் எக்ஸைல்: மனிதரில்லாப் போட்டி

நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் நிறுவனம் 2013 அக்டோபரில் வெளியிட்ட பாத் ஆஃப் எக்ஸைல், சிதறும் பொருள்களைப் பங்கிடும் முறையைக் குழுவினரின் தேர்வுக்கே விட்டது. பொருளை ஒருவருக்கு நிலையாக ஒதுக்கலாம், சிறிது நேரம் மட்டும் ஒதுக்கலாம், முந்துவோர்க்கு உரியதாக்கலாம். பொற்காசு இல்லாதிருந்த அவ்வுலகில் வணிகம் நெடுங்காலம் ஆள்முகமாகவே நடந்தது. விற்பவருக்குச் செய்தி அனுப்பி, அவர் மறைவிடத்திற்குச் சென்று, கைமாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தொல்லை மிகுந்த இம்முறை பலமுறை பழிக்கப்பட்டது.

2017-இல் இவ்விளையாட்டில் வந்த ஒரு தேர்வு இவ்வாய்வுக்கு மிகவும் பயன்படுவது. 'சோலோ செல்ஃப் ஃபவுண்ட்' எனப்படும் அம்முறையில் பிறரோடு குழுசேரவும் வணிகம் செய்யவும் தடை உண்டு. தானே கண்டெடுத்தவை மட்டுமே உடைமை. எனினும் தரவரிசைப் பட்டியல் அதற்கும் உண்டு. யார் முதலில் உச்சநிலை எய்துவர் எனப் பலர் ஒரே வேளையில் முந்துகின்றனர். போட்டி இங்குத் தூய வடிவில் உள்ளது. ஆனால் இதனைப் பலராட்டம் என யாரும் அழைப்பதில்லை. பெயரிலேயே 'சோலோ' நிற்கிறது. போட்டி மட்டுமே அவ்வுணர்வைத் தருமாயின் இம்முறை அதன் உச்சமாக இருந்திருக்க வேண்டும். பட்டியலில் மேலே நிற்பவர் கீழே நிற்பவரின் ஆட்டத்தில் ஒரு கல்லையும் அசைப்பதில்லை என்பதே வேறுபாடு.

டீமன்ஸ் சோல்ஸ்: உதவிக்கும் கொலைக்கும் ஒரே பரிசு

ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிதெதாகா மியாசாகி இயக்கிய டீமன்ஸ் சோல்ஸ் 2009 பிப்ரவரியில் வெளியானது. பனி மூடிய மேட்டுச் சாலையில் சிக்கிய வண்டிகளைப் பின்வந்தோர் முன்தள்ளி ஏற்றிவிட, நன்றி சொல்ல நிற்கவும் இயலாமல் அனைவரும் பிரிந்த நிகழ்ச்சியே இதன் இணைய அமைப்புக்குத் தூண்டுதல் என அவர் நேர்காணலில் கூறியுள்ளார். ஆயத்தச் சொற்றொடர்களைக் கோத்துத் தரையில் குறிப்பு எழுதலாம். அது வேறொருவர் உலகில் தோன்றும். அவர் அதனைப் பாராட்டினால் எழுதியவரின் உயிரளவு நிரம்பும். எங்கோ ஒருவர் சாவின் விளிம்பில் நிற்கும்போது முன்பின் அறியாதவரின் பாராட்டு அவரைக் காக்கக்கூடும். தரையிலுள்ள குருதிக் கறையைத் தொட்டால் அவ்விடத்தில் இன்னொருவர் இறந்த விதம் நிழலாகத் தெரியும். பெயரும் முகமும் தெரியாவிடினும், யாரோ ஒருவர் செய்தது இது என்பது ஐயமறத் தெரிகிறது. ஏலச்சந்தை தராதது இதுவே.

இவ்விளையாட்டில் போட்டி இல்லாமல் இல்லை. உடல் இழந்த ஆட்டக்காரர் நீல உருவாகச் சென்று பிறருக்குத் துணைநின்று தலைமை அரக்கரை வீழ்த்தினால் தம் உடலை மீளப் பெறுவார். கரிய உருவாக அயலாரின் உலகில் ஊடுருவி அவரைக் கொன்றாலும் உடலை மீளப் பெறுவார். துணைக்கும் கொலைக்கும் விதி ஒரே பரிசை வைக்கிறது. எவ்வழியாயினும் மற்றொருவரின் ஆட்டத்தில் தலையிட்டாக வேண்டும் என்பதே அவ்விதியின் கோரிக்கை. போட்டியை வலியுறுத்துவோர் ஊடுருவலின் நடுக்கத்தைச் சான்றாகக் காட்டுவது சரியே. நீல உரு பிரியும் கணத்தில் எழும் வெறுமையையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

2018 பிப்ரவரி 28 அன்று இதன் மூல சேவையகங்கள் மூடப்பட்டன. லாட்ரியா கோபுரத்தில் முதிய துறவி என்னும் தலைமை எதிரி, அதுவரை வேறோர் ஆட்டக்காரரையே அழைத்துத் தன் சார்பில் போரிடச் செய்துவந்தான். மூடிய பின்னர் அப்போரைக் கணினியே ஏற்றது, எதிராளி குறையவில்லை. ஆட்டக்காரர் எழுதிய குறிப்புகளும் அவர்தம் குருதிக் கறைகளும் மறைந்தன. அவற்றின் இடத்திற்கு ஏதும் வரவில்லை.