ஏற்றுமுன் பிரித்துப் பார்!
பழைய லாரி என்ஜினுக்கு மறுபிறவி தரும் பட்டறைகள்

சென்னை மாதவரம் பக்கம் ஒரு லாரிப் பட்டறை. வாசலில் ஒரு தண்ணீர் லாரி நிற்கிறது. பானட் திறந்து கிடக்கிறது. எட்டிப் பார்த்தால் உள்ளே என்ஜின் இல்லை!

பழைய என்ஜின் பட்டறை மூலையில் கிடக்கிறது. அதன் விலாவில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓடும்போதே கனெக்டிங் ராடு ஒடிந்து, பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது.

லாரியின் சொந்தக்காரரே டிரைவர். அவருக்கு இருப்பது இந்த ஒரு லாரிதான். லாரி நின்றால் வரும்படி நின்றுவிடும். பைனான்ஸ் தவணை நிற்காது!

மறுநாளே அவர் புதுப்பேட்டைக்கு ஓடினார். பழைய வண்டிச் சாமான்களுக்குப் பேர்போன இடம் அது. அங்கே சொல்லி வைத்து, தன் லாரிக்குப் பொருந்தும் என்ஜின் ஒன்றைப் பிடித்துவிட்டார். டாட்டா '697' என்ஜின்.

பேரிலேயே விவரம் இருக்கிறது. சிலிண்டர் 6. ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவு 97 மில்லி மீட்டர். அதுதான் 697! டாட்டா கம்பெனி 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து லாரி கட்டத் தொடங்கியது. 1969-ல் அந்தக் கூட்டு முடிந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் ஊர் லாரிகளில் உறுமியது இந்த 697.

"ஸ்டார்ட் ஆகுதே!"

கடையில் என்ஜினைத் தரையில் வைத்தே ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். தடதடவென்று ஓடியது. லாரிக்காரருக்கு ஒரே சந்தோஷம். வண்டி வைத்துப் பட்டறைக்குக் கொண்டு வந்து சேர்த்தார்.

"பாய், நல்லாத்தான் ஓடுது. அப்படியே ஏத்திடுங்க. நாளன்னிக்கே டிரிப் அடிக்கணும்" என்றார் மெக்கானிக்கிடம்.

"ஏத்திடலாம் அண்ணே. ஒரு மாசத்துல திரும்ப எறக்கணும். பரவாயில்லையா?" என்று திருப்பிக் கேட்டார் பாய்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது.

என்ஜினை லாரியில் ஏற்றுவது லேசான வேலை அல்ல. செயின் பிளாக் போட்டுத் தூக்கி, கியர் பாக்சுக்கு நேராகப் பார்த்து மாட்டி, ரேடியேட்டர், சைலன்சர், டீசல் குழாய், ஒயர் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். ஏற்றிய பிறகு உள்ளே கோளாறு என்றால், அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும்.

கிராங்க் ஷாப்டின் பின்பக்கம் ஒரு ஆயில் சீல் இருக்கிறது. விலை சொற்பம். ஆனால் லாரியில் ஏற்றிய பிறகு அது ஒழுகினால் கியர் பாக்ஸ், கிளச், பிளைவீல் மூன்றையும் கழற்றியாக வேண்டும்! என்ஜின் தரையில் இருக்கும்போதே மாற்றினால் வேலையோடு வேலையாக முடிந்துவிடும்.

ஆயில் சொன்ன ரகசியம்

பாய் முதல் வேலையாக ஆயிலை வடித்தார். பிறகு அடியில் இருந்த ஆயில் தொட்டியைக் கழற்றினார். கசடில் மினுமினு என்று பொடி. விரலில் தேய்த்துக் காட்டினார்.

"பேரிங் தேஞ்ச பொடி அண்ணே இது. இப்படியே லோடு ஏத்தினா, உங்க பழைய என்ஜின் கதிதான் இதுக்கும்."

லாரிக்காரர் முகம் வாடிவிட்டது. லோடு இல்லாமல் ஓடும்போது எல்லா என்ஜினும் நல்ல என்ஜின்தான். 9 ஆயிரம் லிட்டர் தண்ணீரோடு மேம்பாலம் ஏறும்போதுதான் வண்டவாளம் தெரியும்!

வேறு வழி இல்லை. என்ஜின் முழுவதும் பிரிக்கப்பட்டது.

மயிரிழைக் கணக்கு

பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும் சிலிண்டரில், மேல் பகுதிதான் அதிகம் தேயும். சூடும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். ஆயில் அங்கேதான் குறைவு. நகத்தை விட்டுத் தடவினால் ஒரு படி தட்டுப்படும்.

பாய் நகத்தை மட்டும் நம்பவில்லை. டயல் கேஜ் விட்டு அளந்தார். வட்டமாக இருக்க வேண்டிய சிலிண்டர் முட்டை வடிவம் ஆகியிருந்தால், புது ரிங் போட்டும் பயன் இல்லை. ரிங் சரியாக அடைக்காது. ஆயில் மேலே ஏறி எரியும். நீலப் புகை வரும். அப்போது லைனரை மாற்ற வேண்டும். அல்லது ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

கிராங்க் ஷாப்ட் கிரைண்டிங் பட்டறைக்குப் போனது. அங்கே முதலில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காந்தம் ஏற்றி இரும்புப் பொடி தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் கோடாகத் தெரியும். விரிசல் இருந்தால் அந்த ஷாப்ட் பழைய இரும்புக்குத்தான். இல்லாவிட்டால் தேய்ந்த இடத்தை 0.25 மில்லி மீட்டர் குறைத்து வட்டமாக்கி, அந்த அளவுக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுகிறார்கள்.

ஹெட்டுக்கும் வைத்தியம் உண்டு. முகத்தைச் சமமாக்கி, வால்வுகளைத் தேய்த்து, தண்ணீர் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும்.

டீசல் பம்பும் நாசிலும் தனியாக டெஸ்ட் பெஞ்சுக்குப் போயின. மைக்கோ என்ற கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. பழைய பட்டறைக்காரர்கள் வாயில் இன்றும் அது 'மைக்கோ பம்பு'தான்!

புதுச் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் என்று சீட்டு நீண்டது. "விலை கம்மின்னு டூப்ளிகேட் வாங்கிடாதீங்க அண்ணே. பில்லோட வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார் பாய்.

டர்போ ஆசை

இவ்வளவு செலவு ஆன பிறகு லாரிக்காரருக்கு ஒரு ஆசை வந்தது.

"பாய், எல்லாம் பிரிச்சாச்சு. அப்படியே ஒரு பழைய டர்போவையும் மாட்டிட்டா இழுவை ஏறுமில்ல?"

பாய் சிரித்தார்.

டர்போ என்பது புகை வேகத்தில் சுழலும் காற்றாடி. அதிகக் காற்றை என்ஜினுக்குள் திணிக்கும். காற்றுக்கு ஏற்ப டீசலும் கூடும். சக்தியும் கூடும், சூடும் கூடும். அந்தச் சூட்டைத் தாங்க வேறு பிஸ்டன் வேண்டும். பிஸ்டனின் அடியில் ஆயில் பீச்ச வேண்டும். டர்போவுக்கும் ஆயில் போக வேண்டும் என்பதால் ஆயில் பம்பும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பம்பு செட்டிங்கும் மாறும். சாதா என்ஜினில் டர்போவை மட்டும் மாட்டினால், பிஸ்டன் உருகி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

"மாத்தறதா இருந்தா எல்லாத்தையும் மாத்தணும். இல்ல, இருக்கிறதை ஒழுங்கா செய்யணும். பாதி வேலை ஆகாது அண்ணே!"

லாரிக்காரர் ஆசையை விட்டார். அதற்குப் பதில் புது ஆயில் பம்பு, புதுத் தண்ணீர் பம்பு, புது கிளச் பிளேட் போடச் சொன்னார். உபயோகமான செலவு!

நம்பர் முக்கியம்

இன்னொரு விஷயம். என்ஜின் மாறினால் என்ஜின் நம்பரும் மாறும். ஆர்.சி. புத்தகத்தில் பழைய நம்பர் இருந்தால் வம்பு.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைச் சொல்கிறது. மாற்றம் செய்ய ஆர்.டி.ஓ. அனுமதி பெற வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்சூரன்சுக்கும் சொல்லிவிடுவது நல்லது. விபத்து என்று வந்தால் முதலில் நம்பரைத்தான் பார்ப்பார்கள்.

பழைய என்ஜின் வாங்கும்போதே நம்பர் தெளிவாக இருக்கிறதா, சுரண்டி அடித்த நம்பரா என்று பார்க்க வேண்டும். பில் இல்லாத என்ஜின் திருட்டு என்ஜினாகவும் இருக்கலாம்!

முள் ஏறியது

என்ஜின் பூட்டும் நாள் வந்தது. ஹெட் போல்ட்டுகளை நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக முடுக்கினார் பாய். அதன் பிறகுதான் செயின் பிளாக் வந்தது. என்ஜின் லாரிக்குள் இறங்கியது.

சாவி கைக்கு வந்ததும் லாரிக்காரர் அவசரப்பட்டார். பாய் விடவில்லை. டீசலை நிறுத்தி வைத்து, செல்ப் மட்டும் அடிக்கச் சொன்னார். புது பேரிங் ஆயில் இல்லாமல் சுற்றினால் முதல் நிமிடத்திலேயே கெட்டுவிடும்.

ஆயில் பிரஷர் முள் மெல்ல மேலே ஏறியது. அதன் பிறகுதான் டீசல் திறந்தார். இரண்டு இருமல். அப்புறம் சீராக உறுமியது 697!

"கொஞ்ச நாளைக்கு முழு லோடு வேண்டாம். விரட்டவும் வேண்டாம். அப்புறம் ஆயில் மாத்த வாங்க" என்றார் பாய்.

"எத்தனை டிரிப் போச்சு தெரியுமா பாய்?" என்று பெருமூச்சு விட்டார் லாரிக்காரர்.

"போனது டிரிப்புதானே அண்ணே. பாலத்துல ஏறும்போது ராடு ஒடிஞ்சிருந்தா?"

லாரிக்காரர் பதில் பேசவில்லை. மூலையில் கிடந்த ஓட்டை என்ஜினை ஒரு முறை பார்த்தார். கியரைப் போட்டார். அரை டாங்கி தண்ணீர் ஏற்றப் புறப்பட்டது லாரி!