காலிலிருந்து செருப்பு கழன்று விழுகிறதா?

நடக்கையில் ஒரு காலின் செருப்பு மட்டும் அடிக்கடி கழன்று போகிறது. வாசற்படியிலும் பாய் ஓரத்திலும் அதே காலின் விரல்கள் தட்டுப்படுகின்றன. பாதம் தரையில் 'டப்' என்று விழுகிறது. பெரிதாக நோவு இல்லாதபடியால் வீட்டில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. "வாதம்" என்பார் ஒருவர், "கண்ணூறு" என்பார் இன்னொருவர். எண்ணெய் பூசுவதிலும் ஓதிப் பார்ப்பதிலும் ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும்.

ஓதிப் பார்ப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அறபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படியே நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். எதற்கு மருந்து செய்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டாமா? பாதம் தொங்குவது தனியொரு நோயன்று; வேறொன்றின் அடையாளம்.

உங்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். குமிழ் போன்ற ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு முன்பக்கம் வருகிறது. பெரோனியல் நரம்பு என்பது அதன் பெயர். பாதத்தையும் விரல்களையும் மேலே உயர்த்தும் தசைகளை இயக்குவது இதுதான். நாரியிலிருந்து தசைகளுக்குள் மறைந்து வரும் இந்த நரம்பு, இந்த ஓரிடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே காவலின்றிக் கிடக்கிறது.

அவ்விடத்தில் நெடுநேரம் அழுத்தம் பட்டால் போதும். கால்மேல் கால் போட்டு இருப்பது, மணிக்கணக்கில் குந்தியிருந்து வேலை செய்வது, அசைவற்ற நோயாளி ஒரே பக்கமாகக் கிடப்பது, இறுக்கமான பிளாஸ்டர் கட்டு எல்லாம் காரணமாகலாம். பிரசவ நேரத்தில் முழங்கால்களை நெடுநேரம் அழுத்திப் பிடித்திருந்த தாய்மாருக்கும் வருவதுண்டு. குறுகிய காலத்தில் உடம்பை மிகவும் மெலிய வைத்தவர்களுக்கு, அவ்விடத்துக் கொழுப்பு கரைந்து நரம்பு எளிதில் நசுங்கும். எங்கள் ஹிப்ழு மாணவர்களைச் சம்மணமிட்டபடியே நெடுநேரம் இருக்க விடாமல் இடையிடையே எழுந்து நடக்கச் சொல்வது இதனால்தான். தொழுகையின் இருப்போ சில நிமிடங்களே. அதற்காக அஞ்ச வேண்டாம்.

எலும்பு முறிவு, வாகன விபத்து, பிட்டத்தில் தவறான இடத்தில் ஏற்றிய ஊசி, சீனி வருத்தம் ஆகியவையும் உண்டு.

நம்மவர் வாய்விட்டுச் சொல்லக் கூசும் காரணம் ஒன்றும் இருக்கிறது. அது தொழுநோய். நம் நாட்டில் அது இன்னும் ஒழிந்துவிடவில்லை. உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த படை உடம்பில் இருந்து, பாதமும் தொங்கினால் தாமதியாமல் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். குமருகளின் கலியாணம் கெட்டுவிடும் என்று மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைப்பதால்தான் கால் கெடுகிறது. மருந்து இலவசம்; ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் கிருமி ஒழியும். மருந்து தொடங்கியதும் மற்றவர்களுக்குத் தொற்றும் அச்சமும் விரைவில் நீங்கிவிடும். ஆனால் பிந்தினால், செத்த நரம்பை அந்த மருந்து மீட்டுத் தராது.

வைத்தியர் என்ன பார்ப்பார்? குதிகாலால் நடக்கச் சொல்வார். பாதத்தை மேலேயும் வெளிப்பக்கமும் உட்பக்கமும் திருப்பச் சொல்லித் தன் கையால் எதிர்த்துப் பார்ப்பார். உட்பக்கம் திருப்பும் பலம் குறையாமல் மற்ற இரண்டும் குறைந்திருந்தால் முழங்காலருகே கோளாறு என்று ஊகிக்கலாம். உட்பக்கப் பலமும் குறைந்து, நாரியிலிருந்து காலுக்கு நோவு இறங்கினால் முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கலாம். சிறு சுத்தியலால் தட்டும்போது கால் அளவுக்கு மீறித் துள்ளினால் மூளையிலோ முள்ளந்தண்டிலோ தேட வேண்டும். பார்த்தீர்களா, காலில் தெரியும் குறைக்கு முதுகில் வேர் இருக்கலாம். முழங்காலுக்கு எத்தனை போத்தல் எண்ணெய் பூசி என்ன பயன்?

பின்னர் இரத்தத்தில் சீனி பார்ப்பார்கள். நரம்பினூடாக மின்சாரம் ஓடும் வேகத்தையும் தசையின் நிலையையும் அளக்கும் சோதனை உண்டு. முதல் சில நாட்களில் அது முழு உண்மையைக் காட்டாது, மூன்று வாரமளவில் தெளிவாகும். ஆகவே "பிறகு வாருங்கள்" என்று அனுப்பினால் அலட்சியம் என்று கோபிக்க வேண்டாம். கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஸ்கேன் எடுப்பதும் உண்டு.

ஆனால் காத்திருக்கக் கூடாத நேரங்கள் உள்ளன. கையோ வாயோ சேர்ந்து இழுத்தால், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனால், இருக்கும் இடம் விறைத்தால், பிளாஸ்டர் போட்ட காலில் நோவு கூடி விரல்கள் அசையாவிட்டால் அந்த நிமிடமே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள்.

அழுத்தத்தால் வந்தது பெரும்பாலும் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ குணமாகும். நரம்பின் இழை அறுந்திருந்தால் அது நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர் அளவிலேயே வளரும். பொறுமை வேண்டும். அதுவரை பாதம் தொங்காமல் தாங்கும் பட்டையை அணிவதோடு, குதிகால் தசைநாண் சுருங்காதபடி பயிற்சியும் செய்ய வேண்டும்.

சுஜூதில் விரல்களை ஊன்ற இயலாதவர் இயன்ற அளவில் வைக்கட்டும். நிற்க முடியாதவர் இருந்து தொழலாம். வுழூவுக்குப் பட்டையைக் கழற்றிப் பாதத்தைக் கழுவும்போது, பட்டை உரசிய புண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். விறைத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. சுடுநீரைக் கையில் ஊற்றிப் பார்த்த பின்பே காலில் ஊற்றுங்கள்.