பரணில் தூங்கும் கம்ப்யூட்டர்!
ஒரே ஆள், நான்கு வேலை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும்.

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கங்களில் எத்தனையோ வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரணில் தூசி படிந்து கிடக்கிறது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினியும் அதன் பக்கத்திலேயே கிடக்கும். "வேகம் இல்லை. காயலான் கடைக்குப் போடு" என்கிறார் அப்பா. அவசரம் வேண்டாம்! அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015 டிசம்பர் மழையை இப்பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. கல்யாண ஆல்பமும் பள்ளிச் சான்றிதழும் நீரில் ஊறின. சான்றிதழ்களுக்கு மறுபடியும் நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. ஆனால் மறைந்த தாத்தாவின் படத்துக்கு எந்த முகாமில் நகல் கிடைக்கும்?

பழைய கம்ப்யூட்டரின் முதல் வேலை இதுதான். குடும்பத்தின் படங்களையும் பத்திரங்களையும் அது பாதுகாக்கட்டும்.

எப்படி முடிகிறது?

சோறு கொதிக்கும் நேரத்திலேயே அம்மா காய் நறுக்குகிறார். இடையில் பால் பொங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறார். கம்ப்யூட்டரும் அப்படித்தான். கண் இமைக்கும் நேரத்தைப் பல கூறாக்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூறு கொடுக்கிறது. நமக்கோ எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் தெரிகிறது. இப்படி ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பாட்டோ குழுவினர் 1961-லேயே நடத்திக் காட்டினார்கள். அன்றைய இயந்திரம் ஓர் அறையை அடைத்து நின்றது. உங்கள் பரணில் கிடப்பது அதைவிடப் பல மடங்கு வலியது!

என்ன செய்ய வேண்டும்?

முதலில் உள்ளே இருக்கும் கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். பிறகு தூசியைத் துடையுங்கள். மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும், அது ஆபத்து. ரேம் 2 ஜி.பி.தான் என்றால் 4 ஆக்குங்கள். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் நன்றாகக் கூடும்.

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டன. ஆகவே காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை ஏற்றுவது நல்லது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இது. இதைக் கொண்டு 'பாஸ்' என்ற இந்திய முறையை உருவாக்கியது நம் சென்னையின் சிடாக் நிறுவனம். அதில் தமிழிலும் வேலை செய்யலாம்.

இனி வீட்டு வைஃபையுடன் இணையுங்கள். 'சாம்பா' என்ற இலவச மென்பொருள், எல்லாரும் படங்களைப் போட்டு எடுக்க ஒரு பொது அலமாரி தரும். அது முதல் வேலை. பழைய பிரிண்டரை மாட்டினால் வீட்டில் உள்ள எல்லாரும் அதில் அச்சடிக்கலாம். இரண்டாவது வேலை. டி.வி.யோடு இணைத்தால் பாட்டும் படமும் ஓடும். மூன்று! பிள்ளைகள் கட்டுரை தட்டெழுத ஒரு மேஜையும் ஆயிற்று. நான்கு! கம்ப்யூட்டர் மிகவும் திணறினால் முதல் இரண்டு வேலைகளை மட்டும் கொடுங்கள்.

மின் கட்டணம் ஜாக்கிரதை!

80 வாட் இழுக்கும் மேஜைக் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 115 யூனிட் ஆகும். 2016-ல் அரசு இலவசமாக்கிய 100 யூனிட்டையும் அது ஒன்றே விழுங்கிவிடும்! 20 வாட் மடிக்கணினிக்கு 29 யூனிட் போதும். மின்சாரம் போனாலும் நல்ல பேட்டரி சற்று நேரம் தாங்கும். மேஜைக் கம்ப்யூட்டர்தான் உண்டு என்றால் மாலையில் மட்டும் போடுங்கள்.

இன்னும் ஒரு காரியம் பாக்கி. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மாடியிலோ உயரமான அலமாரியிலோ வையுங்கள். அதோடு நின்றுவிடவும் வேண்டாம். பழைய டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

பரணில் தூங்குகிறவனை எழுப்பி வேலை கொடுங்கள். ஆனால் குடும்பத்தின் மூட்டை முழுவதையும் அவன் ஒருவன் தலையில் ஏற்றிவிடாதீர்கள்!