மூன்று கொடிகள் கண்ட ‘கோதாவரி’

‘கோதாவரி’ என்ற பெயரை இந்தியக் கடற்படையில் இதுவரை மூன்று போர்க்கப்பல்கள் தாங்கியுள்ளன. முதலாவது, இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிவிட்டு, நாட்டுப் பிரிவினையின்போது பாகிஸ்தானின் பங்குக்குப் போய்விட்டது. மூன்றாவது, உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டு 1983-ல் கடற்படையில் சேர்ந்தது. மாலத்தீவில் 1988 நவம்பரில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றபின், அதில் ஈடுபட்ட இலங்கைத் தமிழ்க் குழுவினர் ‘புரோகிரஸ் லைட்’ என்ற சரக்குக் கப்பலில் பிணைக் கைதிகளுடன் தப்பியோடினர். அவர்களை நடுக்கடலில் மடக்கிய கப்பல்களில் ஒன்று என்ற வகையில் அது நாடறிந்தது.

இவ்விரண்டுக்கும் இடையே, 1953 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை அப்பெயரைத் தாங்கி நின்ற சிறிய நாசகாரிக் கப்பலைப் பற்றி இன்று பேசுவார் அதிகம் இல்லை. ஆனால், இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே உலகப் போரின் பெரும் களங்கள் பலவற்றைக் கண்டுவிட்ட கப்பல் அது. பிரிட்டனில் கட்டப்பட்டு, போலந்துக் கொடியுடன் போரிட்டு, இந்தியக் கொடியின் கீழ் வாழ்வை முடித்துக்கொண்டது. எதிரியின் பெருங்கப்பல்களைத் தேடிச் சென்று மூழ்கடிப்பது அதன் வேலையல்ல. நிலக்கரியும் தானியமும் எண்ணெயும் ஏற்றிச் செல்லும் வணிகக் கப்பல்களுக்குக் கரையோரமாகக் காவல் செல்வதற்காகவே அது கட்டப்பட்டது. அந்தக் காவலின் அருமை, அது இல்லாதபோதுதான் தெரியும். இந்தியாவின் கிழக்குக் கடற்கரை அதை ஒருமுறை அனுபவித்தே அறிந்திருக்கிறது.

நிலக்கரிக்குக் காவல்

1940-களின் லண்டன் மாநகருக்கு மின்சாரமும் எரிவாயுவும் நிலக்கரியிலிருந்தே கிடைத்தன. அந்த நிலக்கரியில் பெரும்பகுதி வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் நதித் துறைமுகங்களிலிருந்து கப்பல்களில் கரையோரமாகவே வந்து சேர்ந்தது. அவ்வளவையும் ரயில்களில் கொண்டுவர இயலாது. ஆகவே, குண்டு விழுந்தாலும் கண்ணிவெடி மிதந்தாலும் நிலக்கரிக் கப்பல்கள் ஓடியே தீர வேண்டியிருந்தது. அவை தனித்தனியே செல்லாமல், ‘கான்வாய்’ எனப்படும் அணிகளாகப் போர்க்கப்பல் காவலுடன் சென்றன.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் ஆபத்து பன்மடங்கானது. ஆங்கிலக் கால்வாயின் மறுகரை முழுவதும் ஜெர்மனி வசமானது. டோவர் நீரிணையில் இரு கரைகளுக்கும் இடைவெளி சுமார் 34 கி.மீ. மட்டுமே. பிரெஞ்சுக் கரையிலிருந்து ஜெர்மன் பீரங்கிகளே கப்பல்களைச் சுட முடிந்தது. இரவில் அதிவேக டார்பிடோ படகுகள் வந்தன. கண்ணிவெடி அகற்றப்பட்ட குறுகிய கடற்பாதையின் மிதவைகளுக்கு அருகே எஞ்சினை நிறுத்திவிட்டு அவை காத்திருக்கும். கான்வாய் நெருங்கியதும் டார்பிடோக்களை ஏவிவிட்டு இருளில் மறைந்துவிடும்.

இதை எதிர்கொள்ளப் பெரிய நாசகாரிக் கப்பல்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை. எனவே, சிறிதாகவும் குறைந்த செலவிலும் கட்டத்தக்க ‘ஹண்ட்’ வகைக் காவல் நாசகாரிகளை பிரிட்டன் கட்டியது. மொத்தம் 86 கப்பல்கள். இவற்றின் முதல் வடிவமைப்பில் கணக்குப் பிழை ஒன்று நேர்ந்துவிட்டது. மேற்பகுதியின் எடை அதிகமாகி, கப்பல் கவிழும் அபாயம் இருப்பது கட்டி முடிக்கும் வேளையில் தெரியவந்தது. முதல் தொகுதிக் கப்பல்களில் இரட்டைப் பீரங்கி ஒன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. இரண்டாம் தொகுதியில் கப்பலின் அகலத்தைக் கூட்டிக் குறையைச் சரிசெய்தனர்.

இந்த இரண்டாம் தொகுதியைச் சேர்ந்ததுதான் ‘பெடேல்’ என்ற கப்பல். நீளம் சுமார் 85 மீட்டர், எடை 1,050 டன், ஆறு 4 அங்குலப் பீரங்கிகள், நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள், ஏறத்தாழ 160 மாலுமிகள். டார்பிடோக் குழாய்கள் இல்லை. தாக்குவதற்கல்ல, காப்பதற்கே அது கட்டப்பட்டது என்பதற்கு இதுவே சான்று.

நாடிழந்தவர்களின் கப்பல்

போர் மூண்ட 1939 செப்டம்பரில் கட்டுமான ஆணை பெற்ற ‘பெடேல்’ 1942-ல்தான் பணிக்கு வந்தது. அதை பிரிட்டன் தானே வைத்துக்கொள்ளவில்லை. ஹிட்லரின் படையெடுப்பில் நாட்டை இழந்து, பிரிட்டனில் இருந்தபடி போரைத் தொடர்ந்த போலந்துக் கடற்படையிடம் ஒப்படைத்தது. ‘ஷ்லோன்சாக்’ எனப் பெயர் மாறியது. போலந்தின் சைலீசியப் பகுதியைச் சேர்ந்தவர் என்பது அதன் பொருள்.

கால்வாயில் காவல் பணி தொடங்கிய சில மாதங்களில், 1942 ஆகஸ்ட் 19 அன்று, பிரான்ஸின் டியப் துறைமுகத்தின் மீதான நேச நாடுகளின் திடீர்த் தாக்குதலில் அது பங்கேற்றது. சுமார் 6,000 வீரர்கள் கொண்ட படையில் ஏறத்தாழ 5,000 பேர் கனடியர்கள். விடியுமுன், கரையை நோக்கிச் சென்ற கமாண்டோ படகுகள் எதிரே வந்த ஜெர்மன் கரையோரக் கான்வாய் ஒன்றின் காவல் கப்பல்களிடம் சிக்கிக்கொண்டன. அப்பகுதியில் துணை நின்ற ‘ஷ்லோன்சாக்’கும் ‘பிராக்கிள்ஸ்பி’யும் சில மைல் தொலைவில்தான் இருந்தன. ஆனால், கரையிலிருந்து பீரங்கிகள் சுடுவதாகக் கருதிய ‘ஷ்லோன்சாக்’ தளபதி ரோமுவால்ட் டிமின்ஸ்கி உதவிக்குத் திரும்பவில்லை. கமாண்டோ படகுகள் சிதறின. அந்த முடிவு பின்னாளில் கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

அதே பகலில் அதே கப்பல், வான்தாக்குதலுக்கு நடுவே கரைக்கு அருகே நின்று கனடிய வீரர்களைக் கடலிலிருந்து மீட்டது என்பதும் வரலாறே. அன்று 900-க்கும் மேற்பட்ட கனடியர்கள் உயிரிழந்தனர். ‘பெர்க்லி’ என்ற மற்றொரு ஹண்ட் வகைக் கப்பல் மூழ்கியது.

பின்னர், 1943-ல் சிசிலியிலும் சலேர்னோவிலும் படைகள் கரையிறங்கியபோது ‘ஷ்லோன்சாக்’ காவல் நின்றது. 1944 ஜூனில் நார்மண்டியில் ‘ஸோர்ட்’ கடற்கரைக்குச் சென்ற படைகளுக்குத் துணையாகச் சென்று, கரையிலிருந்த எதிரி நிலைகள் மீது சுட்டது. ஆனால், அதன் மாலுமிகளுக்கு வெற்றி முழுமையாக வாய்க்கவில்லை. 1945 ஜூலையில் சோவியத் ஆதரவு பெற்ற வார்சா அரசை பிரிட்டன் அங்கீகரித்தது. எந்த நாட்டுக்காகப் போரிட்டார்களோ அந்த நாட்டுக்குத் திரும்ப முடியாதவர்களாகப் பல போலந்து மாலுமிகள் அயல் மண்ணிலேயே தங்கிவிட்டனர். 1946-ல் கப்பல் பிரிட்டனிடம் திரும்பியது.

காவல் இல்லாத வங்கக் கடல்

ஐரோப்பாவில் இவ்வளவு பாடுபட்டு நிலக்கரிக் கப்பல்கள் காக்கப்பட்ட அதே காலத்தில், வங்கக் கடலில் நிலைமை வேறாக இருந்தது. 1942 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பானியத் தளபதி ஓசாவாவின் படை வங்கக் கடலில் புகுந்தது. கொல்கத்தா துறைமுகத்தில் ஆபத்தில் நின்ற வணிகக் கப்பல்கள் அப்போது சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, போர்க்கப்பல் காவல் இன்றிக் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே வந்துகொண்டிருந்தன. சில நாள்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்ற அச்சத்தில் நகர மக்கள் பெருமளவில் ஊரைக் காலி செய்தனர்.

பாடம் உயர்ந்த விலைக்கே கற்கப்பட்டது. 1944 பிப்ரவரி 11 அன்று, கொழும்பிலிருந்து கொல்கத்தா சென்ற கான்வாய் ஒன்றை விசாகப்பட்டினம் அருகே ‘ஆர்.ஓ.110’ என்ற ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. ‘அஸ்பாலியன்’ என்ற வணிகக் கப்பல் டார்பிடோவுக்கு இலக்கானது. ஆனால், இம்முறை காவல் இருந்தது. ராயல் இந்தியக் கடற்படையின் ‘ஜம்னா’வும் இரு ஆஸ்திரேலியக் கப்பல்களும் சேர்ந்து அந்த நீர்மூழ்கியை மூழ்கடித்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் சீஷெல்ஸ் அருகே ஜெர்மனியின் ‘யு-198’ நீர்மூழ்கியை ஒழித்ததில் முதலாவது ‘கோதாவரி’க்குப் பங்குண்டு. 1942-ன் கடலும் 1944-ன் கடலும் ஒன்றே. வேறுபாடு, காவல் மட்டுமே.

கடனாக வந்த மூன்று

விடுதலைக்குப் பின் கடற்படை இரண்டாகப் பிரிந்தபோது, நீண்ட கடற்கரை இந்தியாவிடம் தங்கியது. ஆனால், அதைக் காக்கப் போதிய கப்பல்கள் தங்கவில்லை. புதிதாகக் கட்டும் திறன் உள்நாட்டில் இல்லை. வாங்கப் பணமும் குறைவு. பிரிட்டன் கழித்த கப்பல்களே கைக்கெட்டின. 1953-ல் மூன்று ஹண்ட் வகைக் கப்பல்கள் முதலில் கடனாகப் பெறப்பட்டு, பின்னர் விலைக்கு வாங்கப்பட்டன. ‘சிடிங்போல்ட்’ கங்கையானது; ‘லாமர்ட்டன்’ கோமதியானது; ‘ஷ்லோன்சாக்’ ஆக இருந்த ‘பெடேல்’ கோதாவரியானது.

மூன்றுமே போர் கண்ட கப்பல்கள். 1941 டிசம்பரில் நார்வேயின் வோக்ஸோய் தீவுத் தாக்குதலில் ‘சிடிங்போல்ட்’ இருந்தது. 1941 அக்டோபரில் இத்தாலியின் ‘பெராரிஸ்’ நீர்மூழ்கியை அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது ‘லாமர்ட்டன்’. 1943 பிப்ரவரியில் அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ‘யு-443’ என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை ஒழித்த கப்பல்களிலும் அது ஒன்று. வளர்ந்துவந்த கடற்படையின் ஒரு தலைமுறை மாலுமிகள் இத்தகைய கப்பல்களில்தான் தொழில் பழகினர். 1976-ல் மாலத்தீவுக் கடலில் ‘கோதாவரி’ தரைதட்டியது. அதன்பின் அது உடைக்கப்பட்டது.

பழைய கப்பல்களைக் கொண்டு காலம் தள்ளுவதன் விலையை 1971 போர் காட்டியது. போரின் தொடக்கத்தில் பாகிஸ்தான் நீர்மூழ்கி ‘காஸி’ விசாகப்பட்டினம் துறைமுக வாயிலில் மூழ்கியது. அங்கே நீரடிக் குண்டுகளை வீசிய ‘ராஜ்புத்’ இரண்டாம் உலகப் போர்க்கால நாசகாரி. ‘காஸி’ மூழ்கியதன் காரணம் இன்றும் விவாதத்துக்கு உரியது. ஆனால், டிசம்பர் 9 இரவு டியூ அருகே நடந்ததில் விவாதமில்லை. நீர்மூழ்கி வேட்டைக்கெனவே கட்டப்பட்ட ‘குக்ரி’யை, நவீனமான பாகிஸ்தான் நீர்மூழ்கி ‘ஹங்கோர்’ டார்பிடோவால் வீழ்த்தியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உள்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலோடு மடிந்தனர்.

ஆறு ஆண்டுகள்

இது பழங்கதை அல்ல. அளவில் பார்த்தால் நாட்டின் வெளிநாட்டு வணிகத்தில் சுமார் 95 சதவீதம் கடல் வழியாகவே நடக்கிறது. லண்டனுக்கு டைன் நதி நிலக்கரி எப்படியோ, தமிழகத்துக்கு ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி அப்படி. பாராதீப் துறைமுகத்தில் ஏற்றப்பட்டு, வங்கக் கடல் வழியாக எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரும் அந்தக் கப்பல்கள் நின்றுபோனால், அனல்மின் நிலையங்களின் கொதிகலன்கள் அணைய அதிக நாளாகாது. 1942-ல் கப்பல்கள் காவலின்றி மூழ்கியதும் இதே கிழக்குக் கடற்கரையில்தான்.

கப்பல் காவல் கடற்படைக்குப் புதிதல்ல. 2008 அக்டோபர் முதல் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையருக்கு எதிராக இந்தியப் போர்க்கப்பல்கள் காவல் செல்கின்றன. 2024 ஜனவரியில் அரபிக் கடலில் ‘லீலா நார்போக்’ என்ற வணிகக் கப்பலின் 21 ஊழியர்களை ‘ஐ.என்.எஸ். சென்னை’ மீட்டது. ஆனால், அது பெரிய நாசகாரிக் கப்பல். கரையோர ஆழமற்ற நீரில் பதுங்கும் நீர்மூழ்கிகளைத் தேட வேண்டியவை ஹண்ட் வகையின் அளவையொட்டிய சிறிய கப்பல்களே.

அத்தகைய 16 கப்பல்களுக்கு 2019 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனத்துக்கு எட்டு, கொச்சி கப்பல் தளத்துக்கு எட்டு. முதல் கப்பலை 42 மாதங்களில் தர வேண்டும் என்பது ஏற்பாடு. சென்னையை அடுத்த காட்டுப்பள்ளியில் கட்டப்பட்ட ‘அர்ணாலா’ விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது 2025 ஜூன் 18-ல். அதாவது, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. அதே ஆண்டு ‘ஆந்த்ரோத்’, ‘மாஹே’ ஆகியவை தொடர்ந்தன. ஆனால், இவை இட்டு நிரப்ப வேண்டிய ‘அபய்’ வகையின் ‘அக்ஷய்’, ‘அஜய்’ கப்பல்களோ 2022-லேயே விடைபெற்றுவிட்டன.

பாதுகாப்பு அமைச்சக மானியக் கோரிக்கைகள் நாடாளுமன்றத்துக்கு வரும்போதெல்லாம் விமானந்தாங்கிக் கப்பல்கள் குறித்தும் அணுசக்தி நீர்மூழ்கிகள் குறித்தும் குரல்கள் எழுகின்றன. எழுவது முறையே. ஆனால், சிறிய காவல் கப்பல்களின் தாமதம் குறித்தும் அதே அழுத்தத்துடன் கேட்கப்பட வேண்டும். போர் மூண்ட மாதத்தில் ஆணையிடப்பட்ட ‘பெடேல்’ பணிக்கு வர இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உலகின் முதன்மையான கப்பல் கட்டும் நாடு, உயிருக்குப் போராடிய வேளையில் எடுத்துக்கொண்ட காலம் அது. அமைதிக் காலத்தில் இந்தியா எடுத்துக்கொண்டதோ ஆறு ஆண்டுகள். போர் வந்தபின் கட்டத் தொடங்கும் காவல் கப்பல், அந்தப் போரின் முதல் கான்வாயைக் காக்காது.