முதல் நாள் ஊசியைத் தள்ளிப் போடாதீங்க!

காமாலை என்றதும் திருநாவலூர் பக்கத்து வீடுகளிலும் பெரியவர்கள் கேட்பது, ‘‘கீழாநெல்லி இருக்கா?’’ என்றுதான். 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் குழுவின் ஆய்வு, ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி உதவும் என்றது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. நிச்சயமான பாதுகாப்பு, தடுப்பூசிதான்!

இந்த வைரஸ், கண் மஞ்சளாகாமலே கர்ப்பிணியின் கல்லீரலில் குடியிருக்கலாம். பிரசவத்தின்போது ரத்தம் வழியே குழந்தைக்குத் தொற்றும். பெரியவர்களுக்கு வந்தால் 100-ல் 95 பேருக்குத் தானே விலகிவிடும். பிறக்கும்போதே தொற்றினால், 10-ல் 9 குழந்தைகளுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். வளர்ந்தபின் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம்.

அதனால், கர்ப்பம் உறுதியானதுமே ‘ஹெச்.பி.எஸ்.ஏஜி’ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இருந்தாலும் பயம் வேண்டாம். வைரஸ் அதிகமென்றால் கர்ப்ப காலத்திலேயே மாத்திரை தருவார்கள். குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

தொற்று இல்லாத தாயின் குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி அவசியம். ‘‘பச்சைக் குழந்தைக்கு ஊசியா? பேர் வெச்ச பிறகு பார்த்துக்கலாம்’’ என்று பாட்டி தடுத்தால், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். வைரஸ் கல்லீரலில் ஊன்றுவதற்குள் ஊசி முந்திக்கொள்ள வேண்டும். பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இதுவும் சேர்ந்து வரும். 2011 முதல் நாடு முழுக்க அரசு இலவசமாகவே போடுகிறது.

காசு செலவில்லை, கடிகாரத்தை மட்டும் பாருங்கள்!