தீவிர சிகிச்சையும் நமக்கேற்ற அளவுகோலும்

முற்காலத்து வைத்தியர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியறிந்தனர். இக்காலத்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை முதலிய இடங்களிலுள்ள அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அப்பணியைக் கருவிகள் இராப்பகலாய்ச் செய்கின்றன. இருதயத் துடிப்பு, குருதியமுக்கம், சுவாசம், குருதியின் ஒட்சிசன் நிறைவு ஆகிய யாவும் எண்களாய்த் திரையில் தோன்றும்.

இத்தகைய பிரிவுகளின் தோற்றம் கோப்பன்ஹேகன் நகரத்தது. 1952 இல் ஆங்கே இளம்பிள்ளைவாதம் பரவியபோது, வைத்தியர் இப்சன் காட்டிய வழியில் வைத்திய மாணவர் பலர் முறைவைத்துக் காற்றுப்பையைக் கையால் அமுக்கி, மூச்சொடுங்கியோரைக் காத்தனர்.

எண்ணைக் காண்டல் வேறு. அதன் பொருளை உணர்தல் வேறு. குருதியமுக்கம் சற்றுத் தாழ்தலும் சுவாசம் சற்று விரைதலும் தனித்தனியே அற்பமாய்த் தோன்றினும், ஒருங்கே நோக்குங்கால் ஆபத்தின் அறிகுறிகளாகலாம். ஆதலின் அளவுகளுக்குப் புள்ளியிட்டுக் கூட்டி, நோயின் கடுமையை மதிப்பிடும் முறைகள் எழுந்தன. அமெரிக்காவில் 1985 இல் வெளியான 'அப்பாச்சி 2' என்னும் முறை, உடலியல் அளவுகள் 12 உடன் வயதையும் நாட்பட்ட நோய்களையும் சேர்த்துக் கணிப்பது.

இவ்விடத்து நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. அவ்வளவுகோல்கள் எவரை அளந்து அமைக்கப்பட்டவை?

விரலிற் பூட்டும் ஒட்சிசன்மானி, ஒளியை விரலூடே செலுத்திக் கணிப்பது. தோலின் கருமை அவ்வொளியில் ஒரு பகுதியை உறிஞ்சும். 2020 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மானி 92 முதல் 96 வீதம் எனக் காட்டியிருக்க, உண்மையளவு 88 வீதத்திற்குக் குறைந்திருந்த நிலை வெள்ளையரிடத்து 3.6 வீதமாகவும் கறுப்பினத்தவரிடத்து 11.7 வீதமாகவும் காணப்பட்டது. கருநிறத்தோர் பலரையுடைய நாம் இதனை அயலார் செய்தியென்று தள்ளல் தகாது.

புள்ளிமுறைக்கும் இக்குறை உண்டு. அதற்கு வேண்டும் பரிசோதனைகள் எல்லா வைத்தியசாலைகளிலும் உடனே கிடைப்பனவல்ல. நோய்களும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆகவே ரஷான் ஹனிபா முதலிய ஆய்வாளர், இலங்கை, இந்தியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் 21 இல் நோயாளரை ஆராய்ந்து, எளிய புள்ளிமுறையொன்றை 2017 இல் வெளியிட்டனர்.

பிறநாட்டறிவை நம் நாட்டுக்கு இசைவித்தல் யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைவைத்திய நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தார். அன்று மொழியை இசைவித்தல் வேண்டியிருந்தது. இன்று எண்ணையும் இசைவித்தல் வேண்டும்.

அங்ஙனம் இசைவித்த பின்னரும் புள்ளிமுறை பலரைப் பற்றிய கணிப்பே. ஒருவரின் முடிவை அது கூறாது. மானி நன்றெனக் காட்டினும் நோயாளி மூச்சுக்குத் திணறுவாராயின், குருதியை நேரே எடுத்துப் பரிசோதிக்கத் துணிபவர் அருகிருக்கும் வைத்தியரும் தாதியருமே. எண்ணிறந்த கட்டில்களிலிருந்து பிழையின்றித் திரட்டும் பதிவேடுகளே நாளைய அளவுகோலுக்கு மூலப்பொருள். கணிதமும் உயிரியலும் பயிலும் நம் மாணவர்க்கு இத்துறையிற் பெரும்பணி காத்திருக்கின்றது.